வாசல் செடிகளுக்குத் தானாகத் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) வாசலில் நாலு பாலிபேக் மிளகாய், ஒரு கறிவேப்பிலை, ஒரு வெற்றிலைக் கொடி இல்லாத தமிழர் வீடு குறைவு. டைமர் வைக்கலாமா, சென்சார் வாங்கலாமா என்று பலரும் என்னிடம் கேட்பதால், வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். விலைகள் எல்லாம் தோராயமானவை. கடைக்குக் கடை மாறும்.

இவ்வளவு மழை பெய்கிற ஊரில் இதெல்லாம் எதற்கு?

மழை பெய்கிறது, உண்மைதான். ஆனால் நம் செடிகள் மேல் பெய்கிறதா என்று பாருங்கள். டெரஸ் வீட்டில் பாதித் தொட்டிகள் கார் போர்ச்சின் கூரைக்குக் கீழே இருக்கும். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் அவற்றுக்கு ஒரு சொட்டு கிடைக்காது. மாலை வெயில் சிமென்ட் தரையில் அடித்து, அந்தச் சூடு பாலிபேக்கின் அடிப்பக்கம் வரை ஏறும். தேங்காய் நார்த்தூள் கலந்த மண் என்றால் ஒரே நாளில் காய்ந்துவிடும்.

அப்புறம், பேராக் முழுக்க ஒரே மாதிரி மழை கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தைப்பிங்கில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரைத் தொடும் அளவுக்குப் பெய்யும். அதை வைத்து நம் பக்கத்தைக் கணக்குப் போடக்கூடாது. இங்கே ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரையும், மறுபடி ஜூன் ஜூலையிலும் தொடர்ந்து பல நாள் வெயில் காய்வது வழக்கம். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புவதும் அந்த வறண்ட காலத்தில்தான்.

டைமர் வைத்தால் மழை நாளிலும் தண்ணீர் திறந்துவிடுமே?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதற்குத்தான் நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் தொட்டிச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதை விட, தண்ணீர் நின்று வேர் அழுகிச் சாவதே அதிகம் என்பது நான் பார்த்து வந்தது. எப்போது திறப்பது என்பதை எந்த டைமரும் செய்துவிடும். எப்போது திறக்காமல் இருப்பது என்பதில்தான் கருவியின் மதிப்பு இருக்கிறது.

எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) நர்சரியில் மழைமானியைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்ப்ரிங்க்ளரைத் திறப்பார்கள். 10 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நம் வெயிலில் மண்ணும் செடியும் சேர்ந்து ஒரு நாளில் இழப்பது சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர். அதனால்தான் 10 என்ற அளவு கணக்காகப் பொருந்துகிறது. திறந்த வெளியில் இருக்கும் தொட்டிகளுக்கு வீட்டிலும் இதே விதியை வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கருவிக்குச் சொல்லிக் கொடுக்க மூன்று வழி உண்டு. ஸ்மார்ட் டைமரின் செயலியில் மழை வந்தால் ஒத்திப்போடும் வசதி இருக்கும். அது வானிலைக் கணிப்பைப் பார்த்து வேலை செய்யும். மாலை இடிமழைக்கு இதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கணிப்பு மாவட்டத்துக்குச் சொல்வது. நம் ஊரிலோ பசார் பக்கம் தெரு நிறையத் தண்ணீர் ஓடும்போது, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தாமானில் தரைகூட நனைந்திருக்காது. இரண்டாவது, கூரை ஓரத்தில் மாட்டும் மழை சென்சார். உள்ளே இருக்கும் வட்டத் தகடுகள் நனைந்ததும் ஊதி, சுவிட்சைத் தள்ளி வால்வை நிறுத்தும். அவை காயும்வரை தண்ணீர் வராது. எளிமையான கருவி, நம்பலாம். உங்கள் டைமரில் அதற்கான இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்முன் பாருங்கள். மூன்றாவது, மண்ணையே அளப்பது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இது எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பக்கவாட்டு நேராக இருக்கும் ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் அளவுகோலை விட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால், டைமரில் அன்றைய முறையை நிறுத்திவிடுங்கள்.

முதலில் என்ன வாங்க வேண்டும்?

குழாயில் திருகும் பேட்டரி டைமர் ஒன்று, சொட்டுநீர்க் குழாய் ஒரு செட். இவ்வளவுதான். டைமர் 50 முதல் 150 வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஷாப்பி, லசாடாவில் கிடைக்கும். சொட்டுநீர்ச் சாமான் ஹார்ட்வேர் கடையிலேயே இருக்கும். மிளகாயை ஃபெர்டிகேஷன் முறையில் (உரத்தைத் தண்ணீரில் கலந்து சொட்டுக் குழாயில் கொடுப்பது) பயிரிடுகிறவர்கள் பெருகியதால், சாமான் தேடி ஈப்போ வரை போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

வாங்கும்போது ரெண்டு விஷயம். வெளிக்குழாயின் வாய் அரை இன்ச்சா, முக்கால் இன்ச்சா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறு குழாய் கறுப்பு நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைக் குழாயில் வெளிச்சம் புகுந்து உள்ளே பாசி பிடிக்கும், சொட்டு வாய்கள் அடைத்துக்கொள்ளும்.

சென்சார், செயற்கை நுண்ணறிவு என்று விளம்பரம் செய்யும் பெரிய செட்டுகளை முதலிலேயே வாங்காதீர்கள். ஒரு மாதம் வெறும் டைமரை ஓட்டுங்கள். எந்தச் செடி சீக்கிரம் காய்கிறது, எது எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். அது தெரிந்தபிறகு வாங்கும் சென்சார்தான் உருப்படியாகப் பயன்படும்.

ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் திறக்கலாம்?

நிமிடத்தில் யோசிக்காமல் லிட்டரில் யோசியுங்கள். சொட்டு வாய்களில் மணிக்கு 2 லிட்டர், 4 லிட்டர் என்று வகை உண்டு. 2 லிட்டர் வாய் 15 நிமிடம் திறந்திருந்தால் அரை லிட்டர் விழும். இளம் மிளகாய்ச் செடிக்கு ஒரு நாளைக்கு அது போதும். காய்த்துத் தள்ளும் பெரிய செடி வெயில் காலத்தில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்கும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே நம்பாமல், ஒரு முறை சோதித்துப் பாருங்கள். மினரல் வாட்டர் போத்தலைப் பாதியாக வெட்டி, வரிசையின் முதல் சொட்டு வாய்க்குக் கீழே ஒரு பாதியும் கடைசி வாய்க்குக் கீழே இன்னொரு பாதியும் வையுங்கள். 2 லிட்டர் வாயை 10 நிமிடம் திறந்தால் இரண்டிலும் சுமார் 330 மில்லிலிட்டர் இருக்க வேண்டும். கடைசியில் மிகவும் குறைவாக இருந்தால், ஒரே வரிசையில் அளவுக்கு மீறிய வாய்களை மாட்டியிருக்கிறீர்கள், அல்லது எங்கோ குழாய் மடங்கியிருக்கிறது.

மொத்த அளவையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டாம். நார்த்தூள் மண்ணில் அது வேகமாக இறங்கி அடியில் ஓடிவிடும். காலை 7 மணிக்குப் பாதி, பிற்பகல் 3 மணிவாக்கில் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் விடாதீர்கள். இலையும் மண்ணும் ஈரமாகவே இருந்தால் பூஞ்சை வரும்.

கறிவேப்பிலை, வெற்றிலை, காகிதப்பூ எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை போதுமா?

போதாது. வெற்றிலைக்கு நிழலும் விடாத ஈரமும் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. கறிவேப்பிலை மேல்மண் காய்ந்தபிறகு குடித்தால்தான் நன்றாக இருக்கும். காகிதப்பூவைக் கொஞ்சம் காய விட்டால்தான் பூக்கும். தினமும் தண்ணீர் விட்டால் இலையாகத் தள்ளும். ரெண்டு வாய் உள்ள டைமர் வாங்கி, தாகம் அதிகமுள்ளவற்றை ஒரு பக்கமும் மற்றவற்றை இன்னொரு பக்கமும் பிரியுங்கள். காகிதப்பூவும் கற்றாழையும் எந்த வரிசையிலும் வேண்டாம்.

மண் ஈர சென்சாரில் எது நல்லது?

ரெண்டு கம்பி முள் போல இருக்கும் மலிவான வகையை வாங்காதீர்கள். ஈர மண்ணில் மின்சாரம் பாயும்போது அந்த உலோகப் பூச்சு அரித்துக்கொண்டே போகும். சில வாரத்தில் வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரு கால் பச்சையாகக் கரைந்திருக்கும். கெப்பாசிட்டிவ் வகையில் உலோகம் மண்ணைத் தொடாது. விலையும் சில வெள்ளிதான்.

அதிலும் ஒரு பலவீனம் உண்டு. பலகையின் வெட்டு ஓரத்தில் ஈரம் ஏறும், மேலே இருக்கும் மின்பாகங்களுக்கு மூடி கிடையாது. நகப்பூச்சை ஓரங்களில் ரெண்டு கை பூசி, மேல் பாகத்துக்குச் சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டுவிட்டால் நீண்ட நாள் வரும். கோடு போட்டிருக்கும் இடத்துக்கு மேல் மண்ணில் புதைக்காதீர்கள்.

வாங்கியதும் அளவு பிடிக்க வேண்டும். காற்றில் காய்ந்த நிலையில் வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கோடு வரை தண்ணீர் கிளாஸில் விட்டு, வரும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வகையில் காய்ந்திருந்தால் எண் பெரிதாகவும், நனைந்தால் சிறிதாகவும் இருக்கும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, மண் நனைந்தபோது திறக்கும்படி எழுதிவிடுகிறார்கள்.

தொட்டிக்குத் தொட்டி சென்சார் தேவையில்லை. ஒரே மண், ஒரே அளவுப் பை என்றால், முதலில் வாடும் செடியில் ஒன்று வைத்தால் போதும். போர்ச்சின் ஓரத்தில் மாலை வெயில் நேராக விழும் பையாகப் பார்த்து வையுங்கள். சொட்டு வாய்க்கு நேர் கீழே குத்தாதீர்கள். ரெண்டு சொட்டு விழுந்ததுமே ஈரம் போதும் என்று சொல்லிவிடும்.

மகன் ஈஎஸ்பி32 வைத்து அவனே செய்கிறேன் என்கிறான். விடலாமா?

ஈஎஸ்பி32 என்பது வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டு போர்டு. தாராளமாக விடுங்கள். இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி அமைவது கஷ்டம். போர்டு 20, 30 வெள்ளி, 12 வோல்ட் சோலனாய்டு வால்வும் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) ஏறக்குறைய அதே விலை, ரிலே (போர்டு சொன்னபடி வால்வுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), அடாப்டர் என்று எல்லாம் சேர்த்தாலும் கடையில் விற்கும் நல்ல செட்டின் விலைக்குள் அடங்கிவிடும். போர்டை இயக்கத் தேவையான மென்பொருள்கள் ஈஎஸ்பிஹோம், ஹோம் அசிஸ்டன்ட் இரண்டுமே இலவசம்.

அவனிடம் சில விஷயங்களைச் சொல்லிவையுங்கள். சென்சாரை 32 முதல் 39 வரையுள்ள பின்களில்தான் இணைக்க வேண்டும். வைஃபை ஓடும்போது இன்னொரு வரிசைப் பின்களில் அனலாக் அளவை வேலை செய்யாது. காரணம் புரியாமல் சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. சோலனாய்டின் ரெண்டு முனைக்கும் குறுக்கே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம்) போட வேண்டும். இல்லாவிட்டால் வால்வு மூடும் ஒவ்வொரு முறையும் கிளம்பும் மின்அதிர்வு ரிலேயையோ போர்டையோ பதம் பார்க்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் வால்வாக இருக்க வேண்டும். நிரலிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: சென்சார் என்ன சொன்னாலும் ஒரு தடவைக்கு 20 நிமிடத்துக்கு மேல் வால்வு திறந்திருக்கக்கூடாது. சென்சார் மண்ணிலிருந்து கழன்று தரையில் கிடந்தால் அது 'காய்ந்திருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் இரவு முழுக்கத் தண்ணீர் ஓடும், பில்லைப் பார்க்கும்போதுதான் தெரியும்.

தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ஒய்எஃப்-எஸ்201 கருவியைச் சேர்க்க ஆசைப்படுவான். அது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஓடினால்தான் சரியாக எண்ணும். 2 லிட்டர் சொட்டு வாய் 20 மாட்டினாலும் மணிக்கு 40 லிட்டர்தான், நிமிடத்துக்கு முக்கால் லிட்டர்கூட இல்லை. சின்ன வாசல் தோட்டத்துக்கு அது பயன்படாது.

மழைத் தண்ணீர் பிடிக்கும் தோங்கிலிருந்து (பீப்பாயிலிருந்து) விட முடியுமா?

முடியும், நல்ல யோசனையும்கூட. 20 சதுர மீட்டர் போர்ச் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் கணக்குப்படி 200 லிட்டர். கொஞ்சம் சிந்திப் போனாலும், ஒரே மாலை மழையில் நீலத் தோங் கிட்டத்தட்ட நிறைந்துவிடும்.

சிக்கல் அழுத்தத்தில்தான். தோங்கை ஒரு மீட்டர் உயரத்தில் தூக்கி வைத்தாலும் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். சாதாரண சோலனாய்டு வால்வு திறக்கவே 0.2 பார் வேண்டும், அதாவது 2 மீட்டர் உயரம். வால்வு 'டிக்' என்று சத்தம் போடும், தண்ணீர் வராது. பந்து வால்வு உள்ள டைமரோ, மோட்டார் வால்வோ வாங்குங்கள். அல்லது 12 வோல்ட் சிறு பம்ப் வைத்துவிடுங்கள்.

கொசு விஷயத்தில் கவனக்குறைவு கூடாது. ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தோங்கின் வாயை நெருக்கமான வலையால் இறுக்கிக் கட்டுங்கள், வழிந்தோடும் குழாயின் வாயையும் சேர்த்து. தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டுகளை எடுத்துவிடுங்கள். தானாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தபின் அந்தத் தட்டுகளை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. லார்வா கிடைத்தால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி 500 ரிங்கிட் கொம்பவுண்ட் வரும். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கி வந்தால் நம்மால் தாங்க முடியுமா?

வைஃபையில் இணைய மாட்டேன் என்கிறது.

இந்தக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். ரவுட்டரில் இரண்டு அலைவரிசையும் ஒரே பெயரில் இருந்தால் பிரித்து வேறு பெயர் கொடுங்கள். கேட் வரை சிக்னல் எட்டாவிட்டால், வீட்டுக்குள் கேட்வே (டைமரையும் வைஃபையையும் இணைக்கும் சிறு பெட்டி) வைக்கும் வகை டைமரைப் பாருங்கள்.

இடி மின்னலுக்குப் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். உலகிலேயே இடிமழை அதிகமான நாடுகளில் நம் நாடும் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் மாலைகளைச் சொல்லவே வேண்டாம். வெளியே நீளமாக இழுத்த ஒயர் மின்அதிர்வை வீட்டுக்குள் கொண்டுவரும். பேட்டரி டைமரை நான் முதலில் சொன்னதற்கு இதுவும் காரணம், சுவரோடு அதற்கு எந்த இணைப்பும் இல்லை.

அடாப்டர் உள்ள அமைப்பு என்றால், அடாப்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். 12 வோல்ட் ஒயர் மட்டும் வெளியே போகட்டும். 230 வோல்ட் ஒயரைச் செடிகளுக்கு நடுவே இழுக்கும் வேலையை நீங்களே செய்யக்கூடாது. சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். அடாப்டரில் சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மெயின் சுவிட்ச் பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபியின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்தி, அது விழுகிறதா என்றும் பாருங்கள்.

அம்மாவுக்குக் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் பொழுதே. அதைப் பிடுங்குவது போல் ஆகாதா?

ஆகும். அதனால் எல்லாத் தொட்டிகளையும் குழாயில் மாட்டாதீர்கள். துளசி மாடம், மல்லிகை, அவருக்குப் பிடித்த ரெண்டு மூன்று தொட்டிகளை அவர் கைக்கே விட்டுவிடுங்கள். குனிந்து எட்ட வேண்டியவை, வாளி தூக்கிப் போக வேண்டியவை, பின்கட்டில் வழுக்கும் இடத்தில் இருப்பவை, இவற்றை மட்டும் டைமருக்கு மாற்றுங்கள். இலைக்கு அடியில் மாவுப்பூச்சி வெள்ளையாக ஒட்டியிருப்பதும், மிளகாய் நுனி சுருள்வதும் எந்தச் சென்சாருக்கும் தெரியாது. தினமும் செடியைத் தொட்டுப் பார்க்கிறவர்தான் அதை முதலில் கண்டுபிடிப்பார்.

உரத்தையும் தானாகக் கொடுக்க முடியுமா?

முடியும், ஆனால் வீட்டுக் குழாயில் நேராகச் சேர்க்காதீர்கள். சப்ளை நின்று குழாயில் அழுத்தம் குறையும்போது, உரத்தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு குடிதண்ணீரில் கலக்கலாம். தனித் தோங்கில் ஏ, பி என்று இரண்டாக வரும் உரக் கரைசலைக் கலந்து, சிறு பம்ப் வழியாகச் சொட்டுக் குழாய்க்கு அனுப்புவதே பாதுகாப்பு. மிளகாய் ஃபெர்டிகேஷன் செய்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஈசி மீட்டர் (தண்ணீரில் கரைந்த உரத்தின் அளவைக் காட்டும் கருவி) ஒன்று வாங்கி அளந்து கலக்குங்கள். மீட்டரில் (mS/cm) இளம் செடிக்குச் சுமார் 1.2 முதல் 1.5, காய்க்கும் செடிக்கு 2 முதல் 2.5 வரை வைக்கலாம். வாரம் ஒரு நாள் வெறும் தண்ணீர் விட்டு மண்ணில் தங்கிய உப்பைக் கழுவி விடுங்கள். ஏழெட்டுத் தொட்டிதான் என்றால் இந்த ஏற்பாடே வேண்டாம், மெதுவாகக் கரையும் உர உருண்டை போதும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம், மூன்று வாரம் ஆகும். நம்பி விட்டுப் போகலாமா?

கிளம்பும் முந்தைய நாள் டைமர் வாங்கி மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ரெண்டு வாரம் ஓட்டி, கசிவு, அடைப்பு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். புது அல்கலைன் பேட்டரி போடுங்கள். சார்ஜ் செய்யும் பேட்டரிகளில் வோல்ட் குறைவு, பல டைமர்கள் அதில் சரியாக மூடாது. வால்வு மூடாமல் நின்றுவிடுவதுதான் திறக்காமல் போவதை விட ஆபத்து.

அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் மழை அதிகம் என்பதால் வழக்கமான அளவில் பாதி வைத்தாலே போதும். வெயிலில் இருக்கும் பைகளை நிழலுக்கு நகர்த்திவிட்டுப் போங்கள். தண்ணீர் வெட்டு வந்தால் டைமருக்குத் தெரியாது, வெறும் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் மூன்று நாளைக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கச் சொல்லி, குழாயை எங்கே மூடுவது என்றும் காட்டிவிட்டுப் போங்கள்.

எதை எப்போது சுத்தம் செய்ய வேண்டும்?

டைமருக்குள் இருக்கும் வடிகட்டியை மாதம் ஒரு முறை. தண்ணீர் வெட்டு முடிந்து சப்ளை திரும்பி வந்த உடனேயும் பாருங்கள். முதலில் வரும் கலங்கிய தண்ணீரில் உள்ள மண்தான் சொட்டு வாய்களை அடைக்கும். வரிசையின் கடைசி மூடியைக் கழற்றி ஒரு நிமிடம் தண்ணீரை ஓட விட்டால் குழாய் சுத்தமாகிவிடும். தண்ணீர் ஓடாத நாட்களில் எறும்பு சொட்டு வாய்க்குள் மண்ணைக் கொண்டுபோய் வைக்கும், ஊசியால் குத்தாமல் கழற்றிக் கழுவுங்கள். மின்பாகங்கள் உள்ள பெட்டியில் ஒயர் நுழையும் ஓட்டைகளை ரப்பர் மூடி போட்டு அடைத்துவிடுங்கள். பல்லி உள்ளே போய் ரிலேக்கு நடுவே மாட்டிக்கொண்டால் போர்டும் போய்விடும்.